நவம்பரில் ஒட்டிய தேக்கு மேசை ஏப்ரலில் ஏன் பிளந்தது?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்பத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு; வார இறுதிகளில் பால்கனியில் மரவேலை. சென்ற நவம்பரில் நான்கு தேக்குப் பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு மேசை செய்தீர்கள். மேற்பலகை வளைந்துவிடக் கூடாது என்பதற்காக அடியில் குறுக்காக இரண்டு சட்டங்களை ஃபெவிகால் தடவி, திருகாணி போட்டு இறுக்கினீர்கள். ஏசி ஓடும் படுக்கையறையில் இருந்த அந்த மேசையில் ஏப்ரல் கடைசியில் நீளவாக்கில் ஒரு பிளவு விழுந்துவிட்டது. மரக்கடைக்காரர் நன்றாகக் காய்ந்த மரம்தான் கொடுத்தேன் என்கிறார். பார்க்க வந்த ஆசாரி பச்சை மரம், அதனால்தான் வெடித்தது என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா, அடுத்துச் செய்யவிருக்கும் புத்தக அலமாரியைப் பிளைவுட்டிலேயே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, நீங்கள் செய்த வேலையில் பிழை உண்டா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். உண்டு. அந்தப் பிழை உங்கள் கேள்வியிலேயே, சட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரியில் இருக்கிறது.

ஒரு பாலிடெக்னிக் பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகள் தச்சுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் நான். வீட்டில் பொழுதுபோக்காக இழைப்புளி பிடித்த காலம் அதைவிடக் கூடுதல். உங்கள் மேசையை நான் நேரில் பார்க்கவில்லை, படமும் நீங்கள் இணைக்கவில்லை. ஆகவே மரத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதை உறுதியாகவும், உங்கள் மேசையைப் பற்றிச் சொல்வதை ஊகமாகவும் கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானது. மரத்துக்குள் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. நுண்ணறைகளின் உள்வெளியில் தங்கியிருக்கும் நீர் ஒன்று. அறைச் சுவர்களுக்குள்ளேயே ஊறியிருக்கும் நீர் மற்றொன்று. மரத்தை அறுத்துப் போட்டதும் முதலில் வெளியேறுவது உள்வெளி நீர். அது போகும்போது மரத்தின் எடை குறையும், அளவு குறையாது. மரத்தின் உலர்ந்த எடையோடு ஒப்பிட ஈரம் ஏறத்தாழ முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது. மரம் சுருங்குவது அப்போதிலிருந்துதான். இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. தேக்கை எடுத்துக்கொண்டால், அந்த முப்பதிலிருந்து ஈரமே இல்லாத நிலைக்கு வரும்போது வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஐந்து முதல் ஆறு சதவீதம் சுருங்கும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதிதான், ஏறத்தாழ இரண்டரை சதவீதம், நீளவாக்கில் 0.2 சதவீதம்கூட இருக்காது. மரம் அகலத்தில்தான் உயிரோடு இருக்கிறது, நீளத்தில் கல்லைப் போல நிற்கிறது என்று பட்டறையில் மாணவர்களுக்குச் சொல்வேன். உங்கள் மேசைக்கு நேர்ந்ததை விளக்க அவ்வளவு போதும்.

அடுத்தது பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மரம் பிறகு அசையாது என்ற நம்பிக்கை கடைகளிலும் இருக்கிறது, வாங்குபவர்களிடமும் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளை இடித்த இடத்திலிருந்து வரும் நூறு வருடப் பர்மாத் தேக்குகூட மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு விரியும், கோடையில் விட்டுவிட்டுச் சுருங்கும். ஐப்பசியில் இறுகிப்போய் இடித்துத் தள்ள வேண்டியிருக்கும் கதவு பங்குனியில் தானாக ஆடுவதை எல்லார் வீட்டிலும் பார்த்திருப்போம். காற்றில் ஈரப்பதம் எண்பது சதவீதமாக நீடித்தால், மரத்தின் ஈரம் பதினைந்து, பதினாறு சதவீதத்தில் போய் நிற்கும். ஏசி அறையில் ஐம்பது சதவீதமாக நீடித்தால் ஒன்பதை ஒட்டி வந்து நிற்கும். இழைத்தாலும், மெருகு பூசினாலும், ஐம்பது வருடம் கழிந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மெருகு ஈரத்தின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

இதை உங்கள் மேசைக்குப் போட்டுப் பார்ப்போம். நவம்பர் சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். திறந்த கிடங்கில் அடுக்கியிருந்த பலகை, எத்தனை மாதம் காய்ந்திருந்தாலும், அந்தக் காற்றில் பதினான்கு, பதினைந்துக்குக் கீழே இருந்திருக்க வாய்ப்பில்லை. ஏப்ரலில், தினமும் எட்டு மணி நேரம் ஏசி ஓடும் அறையில் அது பத்து, ஒன்பது என்று இறங்கியிருக்கும். ஐந்து சதவீத மாற்றம் என்று வைத்துக்கொண்டால், வளையப் போக்கில் அறுத்த தேக்குப் பலகை அகலத்தில் ஏறத்தாழ 0.9 சதவீதம் சுருங்க வேண்டும். இரண்டடி அகலத்துக்கு அது ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஆசாரி கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு நூல். அதே மேசை நான்கடி நீளத்தில் சுருங்கியது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இப்போது அடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். அவற்றின் நீளவாக்கு உங்கள் மேற்பலகையின் அகலத்தோடு பொருந்துகிறது. மேற்பலகை இரண்டு நூல் குறுகப் பார்க்கிறது. அதைப் பிடித்திருக்கும் சட்டம் குறுகாமல் அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே பசையும் திருகாணியும் விட்டுக்கொடுக்காமல் இருக்கின்றன. மரம் தன்னிடம் எங்கே வலு குறைவோ அங்கே கிழிந்து அந்த இரண்டு நூலை எடுத்துக்கொண்டது. நீங்கள் மோசமாக ஒட்டியிருந்தால் சட்டம் பிய்ந்து வந்து, மேசை தப்பித்திருக்கும். நன்றாக ஒட்டியதுதான் வினையாகிவிட்டது.

ஆகவே கடைக்காரரும் ஆசாரியும் அவரவர் அளவில் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். மழைக்காலச் சென்னைக் காற்றுக்குப் பதினைந்து சதவீத மரம் காய்ந்த மரம்தான். உங்கள் படுக்கையறைக்கு அதே பலகை ஈர மரம். எந்தக் காற்றுக்கு என்று கேட்காமல் காய்ந்ததா, பச்சையா என்று கேட்டால் இப்படி இரண்டு பதில்தான் வரும்.

இனி ஊகப் பகுதி. பிளவு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறலாம். அதை நீங்களே பார்த்துச் சொல்ல முடியும். ஒரு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு பிளவின் இரண்டு விளிம்புகளையும் கவனியுங்கள். பிளவு இரண்டு பலகைகள் சேரும் கோட்டிலேயே நேராக ஓடி, விளிம்புகள் வழவழப்பாக இருந்து, மேலே காய்ந்த பசை கண்ணாடித் தாள்போலப் படிந்திருந்தால் மரம் கிழியவில்லை, ஒட்டுதான் விட்டிருக்கிறது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்து நாலைந்து நாள் போட்டுவைத்த விளிம்பில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஒரு முறை இழைப்புளி ஓட்டியோ தின்னர் நனைத்த துணியால் துடைத்தோ ஒட்டினால் அது நேராது. மாறாக, பிளவு ஒரு பலகையின் நடுவே, மரத்தின் ரேகையைத் தொடர்ந்து லேசாக வளைந்து ஓடி, விளிம்பில் நார் நாராகத் தெரிந்தால், மேலே சொன்ன இழுபறிதான் காரணம் என்று தொண்ணூறு பங்கு சொல்லிவிடலாம். மூன்றாவதாக, பலகைகளின் முனைகளில் மட்டும் விரல் நீளத்துக்கு நாலைந்து வெடிப்புகள் இருந்து, பலகைகள் ஆளுக்கொரு பக்கம் வளைந்து, ஒட்டிய கோடுகளில் கைக்குப் படி தட்டுப்பட்டால், ஆசாரி சொன்னதே உண்மையாக இருக்கும். அது இருபதுக்கும் மேலே ஈரம் இருந்த மரம். ஆனால் அப்படிப்பட்ட மரம் டிசம்பர், ஜனவரியிலேயே கோணத் தொடங்கியிருக்கும். ஏப்ரல் வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது, பிளவு ஏசி காலத்தில் வந்தது என்ற இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது என் ஊகம் இரண்டாவது காரணத்தின் பக்கமே சாய்கிறது.

இந்தப் பாடத்தை நான் படித்ததும் இப்படித்தான். திருமணமான புதிதில் வாகை மரத்தில் ஒரு எழுதுமேசை செய்து, நான்கு பக்கச் சட்டத்தோடும் மேற்பலகையைப் பதினாறு திருகாணியால் இறுக்கிவிட்டு, அசைக்க முடியாதபடி செய்தேன் என்று பெருமையாக இருந்தேன். சித்திரையில் ஒருநாள் நடு இரவில் பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். எழுந்து விளக்கைப் போட்டுத் தேடி ஒன்றும் தெரியாமல் படுத்துவிட்டேன். காலையில் தபாலட்டை நுழையும் அளவுக்கு மேசையில் கோடு. அதன் பிறகு ஊருக்குப் போனபோதுதான் தாத்தா வீட்டுப் பழைய கதவை உற்றுப் பார்த்தேன். சட்டங்களின் உட்புறம் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள், அதாவது காடிக்குள், பலகைகள் பசையில்லாமல், ஆணியில்லாமல் சும்மா நின்றுகொண்டிருக்கும் கதவு அது. யாரோ ஒரு மழைக்காலத்தில் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கோடையில் ஒவ்வொரு பலகையின் இரு ஓரத்திலும் பெயின்ட் படாத வெள்ளைக் கோடு ஒன்று, தீக்குச்சி அகலத்துக்கு, காடிக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தது. அந்தக் கதவைச் செய்த ஆசாரிக்குச் சதவீதக் கணக்கு எதுவும் தேவைப்பட்டிருக்காது. பலகைக்கு ஓட இடம் விட்டிருந்தார், நான் விடவில்லை.

மேசையைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில், பிளவில் மரத்தூளும் ஃபெவிகாலும் பிசைந்து அடைக்காதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கோடையில் அடைத்தால் மழைக்காலத்தில் மரம் விரிய இடமில்லாமல் அந்த அடைப்பை நசுக்கும், அடுத்த கோடையில் பிளவு முன்பைவிட அகலமாகத் திறக்கும். திருகாணிகளைக் கழற்றி, ஒட்டிய சட்டங்களை உளியால் மெதுவாக எடுத்துவிடுங்கள். பசை விடாவிட்டால் சட்டத்தை இழைத்தே தீர்க்க வேண்டியிருக்கும், மேற்பலகையைக் காப்பாற்ற வேறு வழியில்லை. பிறகு மேற்பலகையை மேசை நிற்கப்போகும் அதே அறையில், இரண்டு ரீப்பர் துண்டுகளின் மேல், எல்லாப் பக்கமும் காற்று படும்படி இரண்டு, மூன்று வாரம் வையுங்கள். அதன் பின் பிளவை ஒட்டியே நீளமாக அறுத்து, இரண்டு விளிம்பையும் நேராக இழைத்து, மறுபடி ஒட்டுங்கள். அகலத்தில் அரை அங்குலம் குறையும், அவ்வளவுதான்.

சட்டத்தை மறுபடி பொருத்தும்போது பசை கூடாது. மேற்பலகையின் அகலத்துக்கு நடுவில் வரும் திருகாணியை மட்டும் வழக்கம்போல இறுக்குங்கள். மற்றத் திருகாணிகளுக்குச் சட்டத்தில் போடும் துளையை வட்டமாக விடாமல், மேற்பலகை சுருங்கும் திசையில் பத்து மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்து நீளத் துளையாக்கி, வாஷர் வைத்து, கையால் திருப்பி நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். நடு நிலையாக நிற்க, இரு ஓரமும் தலா ஒரு நூல் உள்ளேயும் வெளியேயும் நகரும். நீளத் துளை போட மனமில்லை என்றால், ஒரு முனையில் நாக்கு விட்ட சிறு மரக்கட்டைகளைச் செய்து, நாக்கைச் சட்டத்தின் உட்புறக் காடிக்குள் தளர்வாக நுழைத்து, கட்டையை மட்டும் மேற்பலகையில் திருகிவிடலாம். பார்க்கவும் அழகு, உளிப் பழக்கத்துக்கும் நல்ல பயிற்சி. இப்படிப் பிடித்த சட்டம் வளைவைத் தடுக்கும், அகலத்தின் ஓட்டத்தைத் தடுக்காது. நீங்கள் முதலில் அதை வைத்ததன் நோக்கமும் அதுதானே.

வளைவைப் பற்றி இன்னொன்று. மேற்புறம் மூன்று கோட் மெருகு, அடிப்புறம் வெறும் மரம் என்று விட்டுவிடுவது நம்மில் பெரும்பாலோர் செய்வது. ஈரம் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் போய்வந்தால் பலகை கிண்ணம்போல வளையும். யார் கண்ணிலும் படாத அடிப்புறத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூசுங்கள். ஆளி விதை எண்ணெய் பயன்படுத்துபவராக இருந்தால், துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்தோ நீரில் நனைத்தோதான் அகற்ற வேண்டும். அடுக்ககத்தில் இருப்பவர் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மரம் உங்கள் அறைக்குத் தயாரா என்று அறிய விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பலகையை அறைக்குள் ரீப்பர் மேல் அடுக்கி, பெட்டி நிறுக்கும் தொங்கு தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைப் பலகையின் முனையிலேயே பென்சிலால் எழுதுங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால், அந்த அறையின் காற்றோடு அது சமரசமாகிவிட்டது, வேலையைத் தொடங்கலாம். சதவீதமே தெரிய வேண்டுமென்றால், பலகையின் முனையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி ஒரு துண்டை அறுத்து நிறுங்கள். முனை எப்போதும் நடுவைவிடக் காய்ந்திருக்கும், அது ஏமாற்றும். அந்தத் துண்டை மின் அடுப்பில் (ஓவனில்) நூறு டிகிரியைச் சற்றுத் தாண்டிய சூட்டில், எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி நிறுங்கள். 168 கிராம் இருந்தது 150 கிராமுக்கு வந்தால், குறைந்த 18-ஐ உலர்ந்த எடையான 150-ஆல் வகுக்க, 12 சதவீதம். சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்பின் காட்டும் என்பதால் துண்டு சிறியதாக இருந்தால் கணக்கு கெட்டுவிடும். நூறு கிராமுக்குக் குறையாத துண்டாக எடுங்கள்.

அலமாரிக்கு வருவோம். பிளைவுட்டுக்குப் போவது தோல்வி ஒன்றும் இல்லை. அதில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், ஒவ்வொன்றின் அசைவையும் அடுத்தது பிடித்துவைத்துவிடுகிறது. புத்தக அலமாரிக்கு ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள 18 மி.மீ. பலகை போதும், கொதிநீர்ச் சோதனை தாங்கும் ஐ.எஸ். 710 சமையலறைத் தொட்டிக்கு அடியில் வேண்டியது, உங்கள் புத்தகங்களுக்கு வேண்டியதில்லை. எட்டுக்கு நாலடிப் பலகையைக் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவிட்டால் பால்கனியில் உங்களுக்கு இணைப்பும் மெருகும்தான் மிஞ்சும்.

ஆனால் பயந்துகொண்டு தேக்கை விட்டுவிடத் தேவையில்லை என்பது என் கருத்து, ஏனென்றால் அலமாரி உங்கள் மேசையைவிட எளிது. பக்கப் பலகைகளின் ரேகை மேலிருந்து கீழாகவும் தட்டுகளின் ரேகை இடமிருந்து வலமாகவும் ஓடினால், இரண்டுக்கும் முன்னிருந்து பின்னாக உள்ள ஆழம்தான் அகலவாக்கு. எல்லாம் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்கும், ஒன்றோடொன்று சண்டை இருக்காது. அங்கே கண்ணி இரண்டு இடங்களில் உண்டு. தட்டைத் தாங்கப் பக்கப் பலகையின் உட்புறம் நீளமான ரீப்பரை முன்னிருந்து பின்னாகப் பசை போட்டு அடிப்பது ஒன்று. அது உங்கள் மேசைச் சட்டத்தின் கதைதான். ரீப்பருக்குப் பதில் பக்கப் பலகையில் காடி வெட்டித் தட்டை நுழைத்துவிடுங்கள். முதுகுப்புறத்தை முழுமரப் பலகையால் ஒட்டி அடைப்பது இன்னொன்று, 6 மி.மீ. பிளைவுட்டைக் காடிக்குள் விட்டால் அந்தக் கவலை இல்லை. தேக்கோ பிளைவுட்டோ, தட்டின் நீளத்தை இரண்டரை அடிக்கு மேல் போகவிடாதீர்கள். முழுக்கப் புத்தகம் அடுக்கிய தட்டின் நீளத்தை இரட்டித்தால் அதன் தொய்வு இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. அதைவிட நீளம் வேண்டுமென்றால் தட்டின் முன் விளிம்பில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஒரு பட்டையை நிமிர்த்தி ஒட்டுங்கள்; அதன் ரேகையும் தட்டின் ரேகையும் ஒரே திசை என்பதால் இங்கே பசை தாராளமாகப் போடலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்பதைப் பொறுத்தவரை, நவம்பரில் அந்தப் பலகையின் ஈரம் என்னவாக இருந்தது என்பதற்கு உங்களிடம் இப்போது சான்று இல்லை. மிச்சத் துண்டு ஏதாவது கையில் இருந்தாலும் அது இந்த ஆறு மாதத்தில் உங்கள் வீட்டுக் காற்றுக்கு வந்திருக்கும். அதை அடுப்பில் வைத்து நிறுத்தால் உங்கள் அறையின் ஈரம்தான் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்க மாட்டேன். அலமாரிக்கு மரம் எடுக்கும்போது, ஒரு பலகையின் நடுவிலிருந்து ஒரு சாண் துண்டைக் கடையிலேயே அறுத்து வாங்கி, ஈரம் போகாதபடி பிளாஸ்டிக் பையில் கட்டிவந்து, அன்று மாலையே நிறுத்து எடையையும் தேதியையும் அதன்மேல் எழுதிவிடுங்கள். அடுப்புச் சோதனையில் பதினெட்டுக்கு மேல் வந்தால் மறுநாள் காலை அந்தத் துண்டோடு கடைக்குப் போகலாம்.